கல்லில் விழுந்தது கறையா, அரிப்பா? துடைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்பிள் மேடையில் ஏதோ சிந்திவிட்டது, என்ன செய்வது என்று இணையத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். வினிகர் விட்டுத் துடையுங்கள் என்கிறது ஒரு குறிப்பு. வினிகரைக் கல்லின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள் என்கிறது அடுத்தது. சமையல் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு, ப்ளீச், அசிட்டோன், டால்கம் பவுடர் என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒரு கல்லுக்குச் சரி, இன்னொரு கல்லுக்குக் கேடு. ஒரு வகைக் கறைக்கு மருந்து, இன்னொன்றுக்குப் பயனே இல்லை.

எனவே வைத்தியத்துக்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். அது என்ன கல்? அதில் தெரிவது கல்லுக்குள் புகுந்த ஒன்றா, கல்லிலிருந்து கரைந்துபோன ஒன்றா? இந்த இரண்டையும் கேட்காமல் அவசரத்தில் எதையோ ஊற்றித் தேய்ப்பதால் பாழாகும் கற்கள் ஏராளம். சிந்திய பொருள் செய்த சேதத்தைவிடத் துப்புரவு செய்த சேதம் பெரிதாக இருப்பதும் உண்டு.

அது என்ன கல்?

வீடுகளிலும் கட்டடங்களிலும் பயன்படும் இயற்கைக் கற்களை, கறை விஷயத்தைப் பொறுத்தவரை, இரண்டு குடும்பமாகப் பிரித்தால் போதும்.

முதல் குடும்பம் சுண்ணாம்பு வகை. சுண்ணாம்புக்கல், டிராவர்டைன், மார்பிள் ஆகியவையும், ஆனிக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் ஒளி ஊடுருவும் அலங்காரக் கற்களில் பெரும்பாலானவையும் இதில் சேரும். சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறினால் அதுதான் மார்பிள். இவற்றின் முக்கியக் கனிமம் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட் 3-இல் நிற்கிறது. சாதாரணக் கத்தியே கீறிவிடும். அதைவிட முக்கியமான சங்கதி, கால்சைட் அமிலத்தில் கரையும்.

இரண்டாவது குடும்பம் சிலிக்கா வகை. கிரானைட், குவார்ட்சைட், பெரும்பாலான மணற்கற்கள் இதில் வரும். கிரானைட்டில் இருப்பவை குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற கனிமங்கள். குவார்ட்ஸின் கடினம் 7, ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் 6. எலுமிச்சைச் சாறோ வினிகரோ இவற்றை ஒன்றும் செய்யாது.

இடையில் சில சங்கடங்கள் உண்டு. மணற்கல்லின் மணிகள் குவார்ட்ஸாக இருந்தாலும் அவற்றை ஒட்டிவைத்திருக்கும் பசை கால்சைட்டாக இருக்கலாம். அப்படிப்பட்ட மணற்கல் அமிலம் பட்டால் பொடிப்பொடியாக உதிரும். ஸ்லேட்டிலும் சில ரகங்களில் கால்சைட் கலந்திருக்கும். கடையில் குவார்ட்சைட் என்று பெயர் சொல்லி விற்கும் பலகை உண்மையில் மார்பிளாக இருப்பதும் நடக்கிறது. குவார்ட்ஸ் என்று மட்டும் சொல்லி விற்பது பெரும்பாலும் கல்துகளைப் பிசினில் கலந்து தொழிற்சாலையில் வார்த்த பலகை. அது இயற்கைக் கல்லே அல்ல, இங்கே சொல்பவை அதற்குப் பொருந்தா.

சந்தேகம் இருந்தால் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் கால்சைட் இருக்கிறது. உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள். குமிழி வராவிட்டாலும், கழுவிய பிறகு அந்த இடம் மங்கித் தெரிந்தால் அதுவும் சுண்ணாம்பு வகைதான். மக்னீசியம் கலந்த டோலமைட் வகைகளில் குமிழி மிக மெதுவாக வரும், கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

கருத்தால் கறை, வெளுத்தால் அரிப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இந்தப் பகுதியை வையுங்கள்.

கறை என்பது கல்லுக்குள் ஏதோ ஒன்று சேர்வது. எண்ணெய், காபி, மை, துரு என எதுவானாலும் அது கல்லின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அரிப்பு என்பது கல்லிலிருந்து ஏதோ ஒன்று போய்விடுவது. அமிலம் பட்ட இடத்தில் கால்சியம் கார்பனேட் கரைந்து, கரியமில வாயுவாகவும் தண்ணீரில் கரையும் கால்சியம் உப்பாகவும் பிரிந்து வெளியேறிவிடும். அங்கே எடுப்பதற்கு எதுவுமே இல்லை. இல்லாத ஒன்றை எந்தத் துப்புரவுத் திரவத்தாலும் நீக்க முடியாது.

பார்த்து அடையாளம் காண்பது எளிது. கறை பெரும்பாலும் சுற்றியுள்ள கல்லைவிட இருண்டு தெரியும், அரிப்பு வெளுத்து மங்கித் தெரியும். இதற்குக் காரணம் ஒளிதான். உலர்ந்த கல்லின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. கல்லுக்குள் நுழையும் ஒளி ஒவ்வொரு துளையிலும் சிதறித் திரும்பி வருவதால் கல் வெளிர்ந்து தெரிகிறது. துளைகளைத் தண்ணீரோ எண்ணெயோ நிரப்பினால் சிதறல் குறையும், ஒளி ஆழமாகப் போய் உள்ளேயே உறிஞ்சப்படும், கல் இருண்டுவிடும். அரிப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. பாலிஷ் போட்ட வழவழப்பான முகத்தை அமிலம் கரடுமுரடாக்கிவிடுகிறது. கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பிய பரப்பு இப்போது நாலாபக்கமும் சிதறடிக்கிறது. அதனால்தான் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அரிப்பு பளிச்சென்று தெரிகிறது, நேர்மேலிருந்து பார்த்தால் மறைந்துவிடுகிறது. விரலால் தடவினாலும் சற்றே சொரசொரப்பு தட்டும்.

மார்பிளில் கோப்பை வைத்த இடத்தில் வட்டமாகத் தெரியும் வெள்ளைத் தடத்தைத் தண்ணீர்க் கறை என்றே பலரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது அரிப்பு. கோப்பையின் அடியில் வழிந்தது பழச்சாறாகவோ குளிர்பானமாகவோ இருந்திருக்கும்.

எந்தத் திரவம் எவ்வளவு அரிக்கும் என்பதற்கு பிஹெச் அளவு உதவும். 7 என்பது நடுநிலை. கீழே இறங்க இறங்க அமிலத்தன்மை கூடும். ஒவ்வோர் எண்ணுக்கும் 10 மடங்கு. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியும், வினிகரும் கோலா பானங்களும் 2.5-ஐ ஒட்டியும், தக்காளி 4-க்குச் சற்று மேலும், காபி 5-ஐ ஒட்டியும் நிற்கின்றன. காபி ஏன் கறையாகிறது, எலுமிச்சை ஏன் அரிக்கிறது என்பது இதிலேயே புரியும். பாலிஷ் போட்ட மார்பிளில் எலுமிச்சைச் சாறு தடம் பதிக்க ஓரிரு நிமிடங்களே போதும். சிவப்பு ஒயின் இரண்டையும் சேர்த்துச் செய்யும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் அரிக்கும், நிறப்பொருள் துளைக்குள் இறங்கும்.

கல் எப்படிக் குடிக்கிறது?

கல் திண்மமாகத் தெரிந்தாலும் உள்ளே கனிம மணிகளுக்கு இடையில் மெல்லிய இடைவெளிகள் உண்டு. விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல அந்த இடைவெளிகள் திரவத்தை உள்ளே இழுக்கின்றன. எவ்வளவு இழுக்கும் என்பது கல்லுக்குக் கல் பெரிதாக மாறும். ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் கட்டடக்கல் வரையறைகளில் நீர் உறிஞ்சும் அளவின் உச்சவரம்பு, எடையில் மார்பிளுக்கு 0.20 சதவீதம், கிரானைட்டுக்கு 0.40 சதவீதம். சுண்ணாம்புக்கல்லில் அடர்த்தி மிகுந்த வகைக்கு 3 சதவீதம், அடர்த்தி குறைந்த வகைக்கு 12 சதவீதம் வரை அனுமதி. மார்பிள் மென்மையானது, ஆகவே நிறைய உறிஞ்சும் என்ற எண்ணம் தவறு என்று இந்த எண்களே சொல்கின்றன. மார்பிளின் பலவீனம் அமிலம். கிரானைட்டை அமிலம் ஒன்றும் செய்யாவிட்டாலும் எண்ணெய் அதற்குள் இறங்கும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் கணக்கு உண்டு. நுண்துளைக்குள் திரவம் போகும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது முதல் 1 நிமிடத்தில் ஒரு குறிப்பிட்ட ஆழம் போனால், அதைப்போல் இரு மடங்கு ஆழம் போக மொத்தம் 4 நிமிடம் ஆகும், மூன்று மடங்குக்கு 9 நிமிடம். ஆக, உறிஞ்சுதல் மிக வேகமாக நடப்பது சிந்திய உடனேதான். பிறகு எந்தப் பொடியைப் போடலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தைவிட, கையில் கிடைத்த வெறும் துணியால் உடனே ஒற்றியெடுப்பது பல மடங்கு பயன் தரும். சூடான எண்ணெய் நீர்த்து ஓடுவதால் ஆறிய எண்ணெயைவிட வேகமாக இறங்கும். அதற்கு இன்னும் அவசரம் வேண்டும்.

சிந்தியவுடன் செய்ய வேண்டியது

1. வெள்ளைத் துணியோ அச்சில்லாத வெள்ளைத் தாளோ எடுத்து ஒற்றுங்கள். சாயத் துணியும் அச்சடித்த தாளும் தங்கள் நிறத்தைக் கல்லுக்குக் கொடுத்துவிடும்.

2. ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் சிந்திய இடத்தின் பரப்பு பெரிதாகிறது. பரப்பு கூடினால் குடிக்கும் துளைகளின் எண்ணிக்கையும் கூடும். வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றிக்கொண்டே வாருங்கள். துணி நனைந்ததும் அடுத்த உலர்ந்த பக்கத்துக்கு மாற்றுங்கள். கெட்டியான பொருள் என்றால் முதலில் பிளாஸ்டிக் அட்டையாலோ கரண்டியாலோ அள்ளி எடுத்துவிட்டு ஒற்றுங்கள்.

3. தண்ணீரில் கரையும் திரவம் என்றால் சுத்தமான தண்ணீர் கொஞ்சம் விட்டு மறுபடி ஒற்றுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் உள்ளே இறங்கிய திரவமும் நீர்த்து மேலே வரும். அப்புறம் நடுநிலை பிஹெச் கொண்ட சோப்பு ஒன்றிரண்டு சொட்டு கலந்த தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் மீண்டும் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். சோப்பை அப்படியே விட்டால் மெல்லிய படலமாகக் காய்ந்து அடுத்த அழுக்கைப் பிடித்துவைக்கும்.

4. எண்ணெய் என்றால் தண்ணீரில் தொடங்காதீர்கள். ஒற்றியெடுத்த கையோடு அந்த இடத்தில் சோளமாவு, டால்கம் பவுடர், சமையல் சோடா இவற்றில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதைத் தடிமனாகக் கொட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். துளைகளிலிருந்து எண்ணெயைப் பொடி மெல்ல இழுத்துக்கொள்ளும். பிறகு பொடியை அள்ளிவிட்டுச் சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம்.

5. சுண்ணாம்பு வகைக் கல்லில் அமிலம் சிந்தியிருந்தால் ஒற்றியவுடன் தண்ணீர் தாராளமாக விட்டுக் கழுவுங்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீர் மிச்ச அமிலத்தை முறிக்கும். ஆனால் அதைத் தேடிக்கொண்டு தண்ணீர் விடுவதைத் தாமதிக்க வேண்டாம்.

இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் உறைந்து பிடித்துக்கொள்ளும். மெழுகோ சூயிங்கமோ ஒட்டிக்கொண்டால், பனிக்கட்டியை ஒரு பையில் போட்டு மேலே வைத்து இறுக விட்டு, பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுக்கலாம்.

இதை எல்லாம் உடனே செய்திருந்தால் பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும். ஈரம் முழுவதும் காய ஒரு நாள் கொடுத்துவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கல் இருண்டுதான் தெரியும். அதைக் கறை என்று எண்ணி அடுத்த இரசாயனத்தை எடுப்பது வீண்வேலை.

காய்ந்துபோன கறைக்குப் பற்று

துளைக்குள் இறங்கிக் காய்ந்துவிட்ட கறையை மேலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் தொட முடியாது. அதை வெளியே வரவழைக்க வேண்டும். அதற்கான முறைதான் பற்றுப் போடுவது. நன்றாக உறிஞ்சும் வெள்ளைப் பொடியையும் கறையைக் கரைக்கும் திரவத்தையும் குழைத்துக் கல்மேல் பூசிக் காயவிடுவது. நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பவர்களும் இதே வழியைத்தான் கையாள்கிறார்கள். தாஜ்மஹாலின் மார்பிளில் படியும் மஞ்சளை எடுக்க முல்தானி மட்டிக் குழம்பைப் பூசிக் கழுவுவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

பற்று வேலை செய்வது இரண்டு கட்டமாக. முதல் கட்டத்தில் திரவம் பற்றிலிருந்து கல்லுக்குள் போய்க் கறையைக் கரைக்கிறது. இரண்டாவது கட்டத்தில் பற்றின் வெளிமுகம் காயக் காய, கல்லுக்குள் இருக்கும் திரவம் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. கரைந்த கறையும் கூடவே வந்து பொடிக்குள் தங்கிவிடுகிறது. கறையை உண்மையில் வெளியேற்றுவது காய்தல்தான். ஆகவே பற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும், கரைந்த கறை கல்லுக்குள்ளேயே இன்னும் பரவியிருக்கவும் கூடும். பொடி மிக நைசாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. திரவம் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்குத்தான் இழுபடும். கயோலின் எனப்படும் வெண்களிமண், டயாட்டம் மண், டால்க், சுண்ணத்தூள் போன்றவை இதனால்தான் பயன்படுகின்றன. வெள்ளைத் தாளைக் கிழித்து ஊறவைத்த கூழும் ஆகும்.

செய்முறை:

1. கறை படிந்த இடத்தைச் சுத்தமான தண்ணீரால் லேசாக நனையுங்கள். எண்ணெய்க் கறை என்றால் தண்ணீர் வேண்டாம், பற்றில் சேர்க்கப்போகும் கரைப்பானாலேயே நனைக்கலாம்.

2. பொடியையும் திரவத்தையும் கெட்டித் தயிர் பதத்துக்குக் குழையுங்கள்.

3. கறையின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை வரை வெளியே போகுமாறு, 6 முதல் 12 மில்லிமீட்டர் தடிமனில் பூசுங்கள். உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்துங்கள்.

4. மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களை டேப்பால் ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். இது கரையும் கட்டம்.

5. தாளை எடுத்துவிட்டு, பற்று முழுவதும் காயும் வரை விடுங்கள். இன்னும் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இது வெளியேறும் கட்டம்.

6. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியால் எடுத்து, தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

ஒரே முறையில் போகாவிட்டால் ஏமாற வேண்டாம். ஆழமான எண்ணெய்க் கறைக்கு நான்கைந்து முறை பற்றுப் போடுவது சாதாரணம். ஒவ்வொரு முறையும் சற்றே வெளிறுகிறதா என்று மட்டும் பாருங்கள். வெளிறினால் சரியான வழியில் போகிறோம் என்று பொருள். கொஞ்சமும் மாறவில்லை என்றால் திரவத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அல்லது அது கறையே அல்ல.

எந்தக் கறைக்கு எந்தத் திரவம்?

எண்ணெய், நெய்ப்பசை, அழகுசாதனப் பொருள், தார் போன்றவற்றுக்கு அசிட்டோனோ, பெயிண்ட்டைக் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டோ. எண்ணெய்க் கறையைத் தள்ளிப்போடக் கூடாது. சில தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் வார்னிஷ்போல இறுகிவிடும். அந்த நிலைக்குப் போன எண்ணெயைக் கரைப்பது மிகவும் கடினம்.

காபி, டீ, பழச்சாறு, இலைச்சாறு, பூக்கள் விட்ட நிறம் ஆகியவற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. இது கறையை இழுப்பதைவிட அதன் நிறத்தை உடைத்து வெளுக்கச் செய்கிறது. கல்துறையினர் 12 சதவீதக் கரைசலைச் சொல்வதுண்டு. மருந்தகத்தில் கிடைப்பது பெரும்பாலும் 3 சதவீதம், அதிலேயே தொடங்குவது பாதுகாப்பு. கறுப்புக் கல்லில் இதைப் பயன்படுத்தினால் கல்லின் நிறமே போகலாம். பாலிஷ் மார்பிளில் லேசாக மங்கல் விழவும் வாய்ப்பு உண்டு. எனவே ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் நடுவில் போடக் கூடாது.

மைக்கு, கல் வெளிர் நிறம் என்றால் பெராக்சைடு, கருநிறம் என்றால் அசிட்டோன். பாசிக்கும் பூஞ்சைக்கும் நன்றாக நீர்த்த ப்ளீச்சோ அம்மோனியாவோ போதும், இரண்டில் ஒன்றுதான். காய்ந்த பெயிண்ட்டை முதலில் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கரைப்பான்.

டீயும் ஈர இலைகளும் சில கற்களில் நீலக்கறுப்பாகக் கறை படியவைக்கும். அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் கல்லிலுள்ள இரும்போடு சேர்வதே இதற்குக் காரணம். இதற்கு வெறும் பெராக்சைடு போதாமல் போகலாம்.

துரு: தனியாகப் பார்க்க வேண்டியது

கறைகளில் மிகவும் பிடிவாதமானது துரு. இரும்பு ஆக்சைடு தண்ணீரிலும் கரையாது, அசிட்டோனிலும் கரையாது. அமிலத்தில் கரையும், ஆனால் சுண்ணாம்பு வகைக் கல்லும் அமிலத்தில் கரையும் என்பதுதான் சிக்கல். ஆக்சாலிக் அமிலம் துருவை எடுக்கும் என்று பல இடங்களில் எழுதியிருப்பது உண்மை. மார்பிளில் அது துருவோடு பாலிஷையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

மார்பிளுக்கென்று செய்யப்பட்ட துரு நீக்கிகளில் பல, தயோகிளைகோலேட் என்ற சேர்மத்தை அடிப்படையாகக் கொண்டவை. இவை நடுநிலையை ஒட்டிய பிஹெச்சில் இரும்பைப் பிடித்துக் கரைக்கின்றன. இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்பதன் அடையாளம் அது.

வாங்கும்போது குப்பியில் எழுதியிருப்பதைக் கட்டாயம் படியுங்கள். சில துரு நீக்கிகளில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அதன் உப்புகளோ இருக்கும். இது குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் கண்ணாடியையும்கூடக் கரைக்கும், எதற்கும் அசையாத கிரானைட்டையே பாழாக்கும். தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி ஆபத்தான காயத்தை உண்டாக்கும். வீட்டு உபயோகத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

இன்னொரு வகைத் துரு கல்லுக்குள்ளிருந்தே வரும். சில வெள்ளை மார்பிள்களில் பைரைட் போன்ற இரும்புக் கனிமங்கள் கலந்திருக்கும். தரைக்கு அடியிலிருந்து ஈரம் தொடர்ந்து ஏறினால் அவை துருப்பிடித்து, கல்லே மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். இங்கே ப்ளீச் போடுவது எரிகிற தீயில் எண்ணெய்தான், இரும்பு இன்னும் வேகமாகத் துருவாகும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் எந்தப் பற்றும் நிலைக்காது.

கலக்கவே கூடாதவை

ஒன்று பலிக்கவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. ப்ளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் வாயு. ப்ளீச்சும் வினிகர் அல்லது வேறு அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு. ப்ளீச்சும் அசிட்டோனும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். பெராக்சைடும் வினிகரும் சேர்ந்தால் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும் பெரசெட்டிக் அமிலம். ஒன்றை முழுக்கக் கழுவி, காயவிட்டு, பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பும் சுடரும் அணைந்திருக்க வேண்டும், சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், கையுறையும் வேண்டும்.

அரிப்பை என்ன செய்வது?

அரிப்புக்குத் துப்புரவு இல்லை, மெருகேற்றல்தான் உண்டு. கரைந்த பள்ளத்தின் மட்டத்துக்குச் சுற்றியுள்ள கல்லையும் தேய்த்து மறுபடி வழவழப்பாக்க வேண்டும். விரல் தட்டாத மெல்லிய மங்கல் என்றால் மார்பிள் மெருகுப் பொடியை ஈரத்துணியில் எடுத்துத் தேய்த்தே சரிசெய்துவிடலாம். இந்தப் பொடிகளில் டின் ஆக்சைடோ அலுமினியம் ஆக்சைடோ இருக்கும். விரலில் பள்ளம் தட்டினால் வைரத்துகள் பதித்த பட்டைகளால் கரடிலிருந்து நைசுக்குப் படிப்படியாக வர வேண்டும். அதைப் பழக்கமில்லாத கை செய்தால் அந்த இடம் மட்டும் குழிந்து ஒளியில் காட்டிக்கொடுக்கும். அந்த வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

கல்லை இனிமேல்தான் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால், சமையல் மேடைக்கு மார்பிள்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், பளபளப்பான பாலிஷுக்குப் பதில் மேட் முகத்தைக் கேளுங்கள். அரிப்பு அதிலும் நடக்கும். மங்கலான பரப்பில் மங்கல் தெரியாது, அவ்வளவுதான்.

கறைபோலத் தோன்றும் வேறு சில

கல்லின் முகத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் அது உப்பு. கல்லுக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகிறது. அதைத் தண்ணீரால் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய், திரும்பவும் பூக்கும். உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுத்துவிட்டு ஈரத்தின் மூலத்தைத் தேடுவதே வழி.

குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிவது கடினநீர் விட்ட சுண்ணாம்பு. கிரானைட்டில் இதைப் பிளேடைச் சாய்த்துப் பிடித்துப் பக்குவமாகச் சுரண்டலாம். மார்பிளில் இது பெரும் தலைவலி, ஏனென்றால் படிந்ததும் கல்லும் ஒரே பொருள், படிவைக் கரைக்கும் எதுவும் கல்லையும் கரைக்கும்.

கறுப்பு கிரானைட்டில் எலுமிச்சைச் சாறு பட்டு வெள்ளை வட்டம் விழுந்தால் குழப்பம் வருவது நியாயம், கிரானைட்டை அமிலம் தொடாது என்றுதானே படித்தோம்? அங்கே மங்கியது பெரும்பாலும் கல் அல்ல, அதன்மேல் பூசிய ஏதோ ஒன்று. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கி விற்பது உண்டு. அசிட்டோனில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல்.

சீலர் என்ன செய்யும், என்ன செய்யாது?

கறை இறங்காமலிருக்கக் கல்லில் பூசும் சீலரைப் போட்டுவிட்டால் கவலையே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கல்லுக்குள் ஊடுருவும் சீலர்கள் சிலேன், சிலாக்சேன், ஃப்ளோரோபாலிமர் போன்றவற்றால் ஆனவை. இவை துளைகளின் சுவரில் படிந்து, திரவம் ஒட்டாமல் விலகும்படி செய்கின்றன. இதனால் உறிஞ்சுதல் மெதுவாகிறது, நின்றுவிடுவதில்லை. சீலர் நமக்கு வாங்கித் தருவது நேரம். உடனே இறங்கியிருக்க வேண்டிய எண்ணெய் சற்று நேரம் மேலேயே நிற்கும், அதற்குள் நாம் ஒற்றிவிடலாம். ஆனால் கல்லின் முகம் திறந்தே இருப்பதால் அமில அரிப்பை இது தடுக்காது. சீலர் போட்டும் மார்பிள் மங்கிவிட்டதே என்ற புகாரில் சீலரின் குற்றம் எதுவும் இல்லை, அது செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்த்தோம்.

சீலர் தேவையா என்பதற்குக் காலக்கெடுவை நம்ப வேண்டாம், கல்லையே கேட்கலாம். பல இடங்களில் தண்ணீரை நாணய அளவுக்குச் சொட்டவிட்டு 15 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் இருண்டிருந்தால் கல் குடிக்கிறது, சீலர் வேண்டும். மாற்றமே இல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். அடர்த்தி மிகுந்த கறுப்புக் கற்கள் சீலரையே உள்ளே விடுவதில்லை. அவற்றில் பூசினால் மேலேயே தங்கிப் பிசுபிசுத்து மேகம்போல் மங்கும்.

பூசும்போது இரண்டு எச்சரிக்கை. கறை இருக்கும் இடத்தின் மேல் சீலர் பூசினால் கறையை உள்ளே பூட்டிவைத்தது போலாகும், பிறகு பற்றின் திரவமும் எளிதில் உள்ளே போகாது. பற்றுப் போட்டுக் கழுவிய கல் முழுவதும் காய்ந்த பிறகே பூசுங்கள், உறிஞ்சும் வகைக் கல்லுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பூசிய பிறகு கல் குடிக்காமல் மேலே மிஞ்சியதை, குப்பியில் சொல்லியிருக்கும் நிமிடங்களுக்குள் உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்தெடுங்கள். காய்ந்துவிட்டால் அதை எடுக்க மறுபடி கரைப்பானைத்தான் நாட வேண்டியிருக்கும்.